மூடிய கதவும் 'எண்ணம்' பிடித்த மச்சாளும்

கேள்வி:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் இருக்கிறேன். வயது 43, பள்ளிக்கூட ஆசிரியை. அம்மா, நான், கணவர், இரண்டு பிள்ளைகள், தம்பி எல்லாரும் ஒரே வளவுக்குள்தான். தம்பி போன வருசம் ஆவணியில் கலியாணம் செய்தான். பெண் கொழும்பில், வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். பேசி வந்த சம்பந்தம். கனடாவில் இருக்கிற சின்னம்மா விசாரித்துப்போட்டு, "பிள்ளை படிச்சது, வடிவு, ஆனால் கொஞ்சம் எண்ணம் (தலைக்கனம்) போல கிடக்கு" என்று அப்போதே சொன்னவ. நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை.

அவ சொன்னது சரியாகத்தான் வந்திருக்கிறது. வந்த நாளிலிருந்து அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேதான். கொழும்பில் ஒரு கொம்பனிக்கு வீட்டிலிருந்தே கம்பியூட்டரில் வேலை செய்கிறாளாம். விருந்துக்குப் போன இடத்தில் ஒடியல் கூழை ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளி வைத்தாள். பெரியம்மாவின் செத்தவீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, மூலையில் இருந்து போனை நோண்டினாள். போன மாதம் திருநெல்வேலிச் சந்தையடியில் ஸ்கூட்டியில் போனவள் என்னைக் கண்டும் காணாத மாதிரிப் போனாள். நாங்கள் குசினிக்குள் கதைத்துக்கொண்டிருக்கும்போது அவள் வந்தால் கதையை நிப்பாட்டிவிடுவோம். அவளோடு என்னத்தைக் கதைக்கிறது? அம்மா காய்ச்சலோடு பெரியாஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு இரவு போய் நின்றாள்தான். எனக்கு வினாத்தாள் திருத்துகிற வேலை, போக முடியவில்லை. ஆனால் அதுவும் தம்பி சொல்லித்தான் நின்றிருப்பாள்.

பெரியக்கா "கொழும்புக்காரர் எல்லாம் உப்பிடித்தான்" என்கிறா. வருசக்கணக்காகப் பிள்ளைகளோடு பழகுகிற எனக்கு முகத்தைப் பார்த்தாலே ஆளை விளங்கும், பெரும்பாலும் பிழைக்காது. ஆனாலும் தம்பி முகம் வாடித் திரிகிறான். ஒரு ஆளைச் சரியாக எடைபோட உளவியலில் ஏதும் வழி இருக்கிறதா? தனியாகப் போய் இருக்கச் சொல்லித் தம்பியிடம் சொல்லலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு வருமுன், கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் கொஞ்சம் நிற்கவேண்டும். அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு நின்றதைச் சொல்லிவிட்டு, "அதுவும் தம்பி சொல்லித்தான் நின்றிருப்பாள்" என்று முடித்திருக்கிறீர்கள். வார்ட்டில் இரவு நிற்பது எப்படியென்று உங்களுக்கும் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை, அதுவும் கிடைத்தால். நுளம்பு. எதிர்க்கட்டிலில் விடிய விடிய முனகுகிற ஒரு ஆச்சி. அம்மா எழும்பும்போதெல்லாம் சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே போகவேண்டும். விடிந்ததும் பிளாஸ்கோடு தேத்தண்ணிக்கு ஓடவேண்டும். பெண்கள் வார்ட்டில் இரவில் ஆம்பிளைகளை நிற்க விடமாட்டார்கள், ஆகவே தம்பியால் முடியாது. உங்களுக்குத் திருத்தல் வேலை. யாரோ ஒரு பெண் நிற்கத்தான் வேண்டியிருந்தது, தம்பி கேட்டுமிருப்பார். நீங்கள் சொல்வதில் உண்மை இல்லையென்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் பாருங்கள். உங்கள் மச்சாள் ஆஸ்பத்திரியில் நின்றதற்குக் காரணம் தேடும்போது, அவரைச் சுற்றியிருந்த நிலைமையைத் தேடியிருக்கிறீர்கள்: கணவன் சொன்னான், நின்றாள். கதவு பூட்டியதற்கும் கூழைத் தள்ளி வைத்ததற்கும் காரணம் தேடும்போது நிலைமையின் பக்கமே போகவில்லை. நேரே குணத்துக்குள் கையை விட்டு 'எண்ணம்' என்று எடுத்துவிட்டீர்கள். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கு என்ன காரணம்? வினாத்தாள். அது நிலைமை. ஒரே கடிதத்துக்குள் இரண்டு தராசு வைத்திருக்கிறீர்கள்.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இந்த இரண்டு தராசும் எல்லார் கையிலும் உண்டு. சமூக உளவியலின் முதற்பாடங்களில் ஒன்றே இதுதான். ஒருவர் ஏன் அப்படிச் செய்தார் என்று நாம் மனசுக்குள் முடிவு கட்டுவதைக் காரணம் கற்பித்தல் என்பார்கள். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஃப்ரிட்ஸ் ஹைடர் 1958இல் இதை விரிவாக எழுதினார். காரணத்தை நாம் இரண்டு இடங்களில் வைக்கலாம், ஆளுக்குள்ளே அல்லது ஆளைச் சுற்றி. மற்றவர்கள் விஷயத்தில் நாம் பெரும்பாலும் உள்ளேதான் தேடுகிறோம். ஏனென்றால் கண்ணுக்கு முன்னால் நிற்பது ஆள்தான், அவரைச் சுற்றியிருக்கிற நெருக்கடி நமக்குத் தெரிவதில்லை. லீ ரோஸ் 1977இல் இந்தச் சாய்வுக்கு 'அடிப்படைக் காரணக் கற்பிதப் பிழை' என்று ஒரு பெயர் வைத்தார். பெயர் வாய்க்குள் நுழையாது, சங்கதி மட்டும் நாளாந்தம் நடக்கிறது.

அதிலும் ஆளை ஏற்கெனவே பிடிக்காவிட்டால், அல்லது அவர் 'எங்கட ஆள்' இல்லையென்று நினைத்துவிட்டால், இன்னொரு படி கூடிவிடும். தோமஸ் பெற்றிக்ரூ 1979இல் இதை எழுதினார். வெளி ஆள் கெட்டது செய்தால் அது அவர்களின் பிறவிக்குணம். நல்லது செய்தால் யாரோ சொல்லிச் செய்தது, அல்லது தற்செயல், அல்லது 'இந்த ஒரு ஆள் மட்டும் விதிவிலக்கு'. உங்கள் ஆஸ்பத்திரி வரி அச்சொட்டாக இதுதான். இப்படிக் கணக்கு வைத்தால் அந்தப் பிள்ளை எத்தனை இரவு கண்விழித்தாலும் அவருடைய கணக்கில் ஒன்றும் சேராது. அதுதான் எனக்குக் கவலை.

நியாயத்துக்கு ஒன்று சொல்லவேண்டும். 'நமக்கென்றால் நிலைமை, மற்றவனுக்கென்றால் குணம்' என்பதைப் பாடப்புத்தகங்கள் எந்த நேரமும் பொருந்துகிற விதி போல எழுதிவந்தன. பேர்ட்ரம் மாலே 2006இல் 173 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மொத்தத்தில் அந்த வித்தியாசம் மிகச் சின்னதாகத்தான் இருந்தது. கெட்ட காரியங்களில்தான் அது தெளிவாகத் தெரிந்தது. நல்ல காரியங்களில் தலைகீழ், அங்கே 'என் குணம்' என்று சொல்லத்தான் நமக்கு விருப்பம். உங்கள் கடிதத்துக்கு வேண்டியது அந்தக் கெட்ட காரியப் பகுதிதான்.

இப்போது சந்தையடிக்கு வருவோம். 1973இல் ஜோன் டார்லியும் டானியல் பற்சனும் பிரின்ஸ்ரனில் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்கள் வேறு யாருமில்லை, குருமாராகப் படிக்கிற இறையியல் மாணவர்கள். பக்கத்துக் கட்டடத்தில் போய் ஒரு சின்ன உரை ஆற்றவேண்டும் என்று அனுப்பினார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பே நல்ல சமாரியன் உவமை, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு நின்று உதவிய ஒருவரைப் பற்றி இயேசு சொன்ன கதை. போகிற வழியில் ஒரு மனிதர் தலை கவிழ்ந்து, இருமி முனகிக்கொண்டு கிடக்கிறார். நேரம் நிறைய இருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். பிந்திவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம். உரையின் தலைப்பு என்னவென்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. கடந்து போனவர்களைப் பார்த்த ஒருவர் 'கல்நெஞ்சக்காரர்' என்றுதான் சொல்லியிருப்பார், அவர்களுடைய மணிக்கூட்டை அவர் பார்த்திருக்க மாட்டார்.

உங்கள் மச்சாள் ஸ்கூட்டியில் போனார். திருநெல்வேலிச் சந்தையடியில் பலாலி வீதி எப்படிக் கிடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மினிபஸ் ஒருபக்கம், மரக்கறி இறக்கிற லான்ட்மாஸ்ரர் ஒருபக்கம், கம்பஸ் பிள்ளைகளின் சைக்கிள், நடுவில் ஒரு மாடு. தலையில் ஹெல்மெற். ரோட்டுக்குப் புதிசு. அதைவிட முக்கியமான ஒன்று, போகிற வழியில் தெரிந்த முகம் தேடுகிற பழக்கம் எங்களுக்கு ஊறிப்போனது, கொழும்பின் காலி வீதிப் பக்கம் வளர்ந்தவருக்கு அது இல்லை. அங்கே தெருவில் யாரையும் உற்றுப் பார்க்காமல் போவதுதான் ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பு. அவர் கண்டுவிட்டுத்தான் போனாரா என்று கேட்டீர்களா? கடிதத்தில் இல்லை. கேட்காமலே தீர்ப்பாகிவிட்டது.

சின்னம்மாவின் வாக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். சொலமன் ஆஷ் 1946இல் ஆட்களிடம் ஒரு மனிதரின் குணங்களை வாசித்துக் காட்டினார்: புத்திசாலி, திறமைசாலி, உழைப்பாளி, உறுதியானவர் என்று போகும். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பட்டியல்தான், நடுவில் ஒரு சொல் மட்டும் மாறும். ஒரு கூட்டத்துக்கு 'அன்பாகப் பழகுபவர்', மற்றக் கூட்டத்துக்கு 'ஒட்டாதவர்'. அந்த ஒரு சொல்லுக்கே இரண்டு கூட்டமும் இரண்டு வேறு மனிதரை மனசில் வரைந்துகொண்டன. முதலாவது மனிதர் தாராள மனசுக்காரர், நகைச்சுவைக்காரர். இரண்டாமவர் சிடுமூஞ்சி.

காகிதத்தில்தானே என்று நீங்கள் நினைக்கலாம். ஹரோல்ட் கெலி 1950இல் இதை ஒரு வகுப்பறைக்குள் கொண்டுபோனார். மசாசுசெற்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் புதிதாக ஒரு விரிவுரையாளர் வரப்போகிறார் என்று மாணவர்களுக்கு ஒரு குறிப்புத் தாள் கொடுத்தார்கள். பாதிப் பேருடைய தாளில் அவர் அன்பானவர் என்று இருந்தது, மற்றவர்களுடையதில் ஒட்டாதவர் என்று. ஒரே ஆள், ஒரே பாடம், ஒரே நேரம். ஆனால் 'ஒட்டாதவர்' என்று வாசித்தவர்கள் அவரைக் கடுமையாகக் குறைத்து மதிப்பிட்டார்கள். அதைவிடக் கவனிக்கவேண்டியது, அவரோடு கதைக்கவே அவர்கள் பின்னின்றார்கள். அன்பானவர் என்று வாசித்தவர்களில் 56 சதவீதம் பேர் கலந்துரையாடலில் வாய் திறந்தார்கள், மற்றவர்களில் 32 சதவீதம் பேர்தான். உங்கள் சின்னம்மா கனடாவிலிருந்து அனுப்பியது அந்தக் குறிப்புத் தாளைத்தான். பெரிதாக எடுக்கவில்லை என்கிறீர்கள். எடுக்காத சொல்லை ஒரு வருசம் கழித்து அப்படியே எழுதத் தெரிகிறதே!

இனி, கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட இடம். அவர் குசினிக்குள் வந்தால் கதையை நிப்பாட்டிவிடுவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அவருடைய பக்கத்திலிருந்து ஒருக்கால் பாருங்கள். பகல் முழுக்க வேலை செய்துவிட்டு, தேத்தண்ணி போட வருகிறார். வாசலுக்கு வரும்வரை சிரிப்புச் சத்தம் கேட்கிறது. உள்ளே கால் வைத்ததும் சத்தம் அடங்குகிறது. ஒருவர் தேங்காய் துருவத் தொடங்குகிறார், ஒருவர் பானையைக் கழுவுகிறார், அம்மா "என்ன பிள்ளை, ஏதும் வேணுமோ?" என்று விருந்தாளியிடம் கேட்பதுபோலக் கேட்கிறா. அவர் "இல்லை மாமி" என்று சொல்லிவிட்டுக் கோப்பையோடு அறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிறார். போனதும் நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். பார்த்தியா, எண்ணத்தை!

இந்தக் கதவைப் பூட்டியது யார்?

மார்க் ஸ்னைடரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1977இல் இப்படி ஒன்றைத்தான் காட்டினார்கள். ஆண்கள் முன்பின் தெரியாத பெண்களோடு தொலைபேசியில் கதைக்கவேண்டும். கதைக்குமுன் ஒவ்வொருவருக்கும் ஒரு படம் காட்டப்படும், அது உண்மையில் அந்தப் பெண்ணின் படமில்லை. வடிவான பெண்ணின் படத்தைப் பார்த்தவர்கள் கலகலப்பாகக் கதைத்தார்கள். பிறகு, பெண்களின் குரலை மட்டும் தனியாக எடுத்து, ஒன்றும் அறியாத வேறு ஆட்களிடம் போட்டுக் காட்டினார்கள். வடிவு என்று நம்பிக் கதைக்கப்பட்ட பெண்கள் மற்றவர்களைவிட இனிமையாக, ஒட்டுதலாகக் கதைப்பதாக அவர்களுக்குக் கேட்டது. அந்தப் பெண்களுக்குப் படத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. எதிரில் இருப்பவர் எப்படி நடத்தினாரோ அப்படி ஆகிவிட்டார்கள், அவ்வளவுதான். நாம் ஒருவரைப் பற்றி எடுத்துவைத்த முடிவு நம்முடைய முகத்தில், குரலில், மௌனத்தில் போய் இறங்குகிறது. அவர் அதற்குப் பதில் சொல்கிறார். அந்தப் பதிலை நாம் அத்தாட்சி என்று எடுத்துவைக்கிறோம். எங்கே தொடங்கியது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

கதவைப் பற்றி இன்னும் ஒன்று. வெள்ளவத்தையில் பிளற் வீட்டில் வளர்ந்தவருக்கு மூடிய கதவு சாதாரணம். எங்களுடைய வளவுகளில்தான் படலையைத் திறந்துகொண்டு வந்து "ஆரும் இருக்கிறியளோ?" என்று கேட்டபடி குசினிவரை போகலாம். அதுபோக, கம்பியூட்டரில் கூட்டம் நடக்கும்போது பின்னால் சேவல் கூவினால் கொழும்பிலிருக்கிற மேலதிகாரி என்ன நினைப்பார்? 'வேலை செய்கிறாளாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'ஆம்' வேண்டியதில்லை. நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது கதவு திறந்து ஒரு மாமி வந்து கதை கேட்டால் விடுவீர்களா? கூழ் விஷயத்தை விடுங்கள். ஒடியல் கூழ் பழகிய நாக்குக்குத்தான் அமிர்தம்.

செத்தவீடு அப்படிச் சுலபமாக விடக்கூடியதில்லை, அது உங்களை உண்மையாகவே நோகடித்திருக்கிறது என்று தெரிகிறது. நீங்கள் எடைபோட வழி கேட்டீர்கள், முன்னால் சொன்ன அதே கெலி 1967இல் சொன்ன மூன்று கேள்விகளை இங்கே வைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் மற்றவர்களும் அப்படித்தான் நடந்தார்களா? இந்த ஆள் மற்ற இடங்களிலும் அப்படியா, அந்த இடத்தில் மட்டுமா? எப்போதும் அப்படியா, அன்றைக்கு மட்டுமா? மற்றவர்கள் ஒருவரும் அப்படியில்லை, இவர் மட்டும் எல்லா இடத்திலும் எந்த நாளும் அப்படி என்றால், சரி, அது அவருடைய குணம் என்று சொல்ல இடமிருக்கிறது.

பெரியம்மாவின் மடியில் வளர்ந்த நீங்கள் அழுதீர்கள். அவர் அந்த அம்மாவை உயிரோடு எத்தனை தரம் கண்டிருப்பார்? வெளியிலிருந்து கலியாணம் செய்து வந்த மற்றப் பெண்கள் அன்றைக்கு அழுதார்களா, அல்லது அவர்களும் ஓரமாகத்தான் இருந்தார்களா? ஒப்பாரி வைக்கிற பெண்களுக்கு நடுவில் எங்கே பார்ப்பது, யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாத ஒருவர் இந்தக் காலத்தில் போனைத்தான் பார்ப்பார். முந்தியென்றால் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார், அதற்கு 'அடக்கமான பிள்ளை' என்று பெயர் கிடைத்திருக்கும். பிறகு, உங்கள் பிள்ளைகளோடு அவர் எப்படி? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை. தாயோடு போனில் கதைக்கும்போது சிரிக்கிறாரா? வேறெங்கோ கலகலப்பாக இருக்கிற ஆள் உங்கள் வீட்டில் மட்டும் ஊமையாகிறார் என்றால் பார்க்கவேண்டியது வீட்டைத்தான்.

'கொழும்புக்காரர் எல்லாம் உப்பிடித்தான்' என்கிற பெரியக்காவுக்கும் ஒரு வார்த்தை. ஜோன் மில்லர் 1984இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. சிக்காகோவிலும் தென்னிந்தியாவின் மைசூரிலும், தங்களுக்குத் தெரிந்தவர்கள் செய்த நல்லது கெட்டதுக்குக் காரணம் சொல்லச் சொல்லிக் கேட்டார். அமெரிக்கப் பெரியவர்கள் குணத்தைச் சொன்னார்கள். மைசூர்ப் பெரியவர்கள் உறவு, கடமை, சூழ்நிலை என்று நிலைமையைக் கூடுதலாகச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை, வயது ஏற ஏறத்தான் வந்தது. எங்களுடைய ஆட்களும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. பக்கத்து வளவுப் பெடியன் குடித்துவிட்டுக் கத்தினால், "தகப்பன் இல்லாமல் வளர்ந்தது, தாய் பட்ட பாடு தெரியுந்தானே" என்று நாமே அவனுக்காக வழக்காடுவோம். ஏனென்றால் அவனுடைய கதை முழுக்க நமக்குத் தெரியும். புதிதாக ஒருவரைக் கண்டால் "நீங்கள் ஆற்றை பிள்ளை?" என்று கேட்பதும் இந்தக் கதையைப் பிடிக்கத்தான். (அதற்குள் சாதியை மோப்பம் பிடிக்கிற வேலையும் ஒளிந்திருக்கிறது, இல்லையென்று நான் பூசி மெழுகப் போவதில்லை.) கதை தெரிந்தவருக்கு நிலைமை பார்க்கிறோம், கதை தெரியாதவருக்கு ஊர்ப்பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறோம். உங்கள் மச்சாள் இரண்டாவது கூட்டத்தில் மாட்டியிருக்கிறார்.

உங்களுடைய வயதை வைத்துப் பார்த்தால், 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்கிவர வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து நடந்தபோது உங்களுக்குப் பதின்மூன்று வயதளவில் இருந்திருக்கும். அப்போது எங்காவது முன்பின் தெரியாத ஒரு வீட்டு விறாந்தையில் இருந்திருந்தால், அந்த வீட்டுக் கிணற்றடிக்குப் போகவே எப்படிக் கூசியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சத்தம் போடாமல், கேட்டால் மட்டும் பதில் சொல்லிக்கொண்டு இருந்த பிள்ளையை அந்த வீட்டார் என்னவென்று நினைத்திருப்பார்கள்?

முகத்தைப் பார்த்தால் ஆளை விளங்கும் என்பதில் பாதி உண்மை. முகத்தைப் பார்த்து முடிவெடுப்பது அவ்வளவு வேகமானது. ஜனின் வில்லிசும் அலெக்சாண்டர் தொடோரோவும் 2006இல் முன்பின் தெரியாத முகங்களை ஒரு செக்கனில் பத்திலொரு பங்கு மட்டும் காட்டினார்கள். அதற்குள்ளேயே நம்பலாமா கூடாதா என்று ஆட்கள் சொல்லிவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்துப் பார்க்கவிட்டபோது முடிவு அவ்வளவாக மாறவில்லை, தன்னம்பிக்கைதான் ஏறியது. அந்த முடிவு சரியா என்பது அடுத்த கேள்வி. 'பெரும்பாலும் பிழைக்காது' என்கிறீர்கள். உங்கள் கணிப்புப் பிழைத்த பிள்ளைகள் பத்து வருசம் கழித்து வந்து, "ரீச்சர், நீங்கள் என்னைப் பிழையாக நினைத்துவிட்டீர்கள்" என்றா சொல்லப்போகிறார்கள்? சரியாக வந்தது நினைவிலிருக்கும். பிழைத்தது நமக்குத் தெரியவே வராது.

இவ்வளவு சொன்னபிறகு, மற்றப் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. அவர் உண்மையிலேயே தன்னை உயர்வாக நினைக்கிறவராகவும் இருக்கலாம். ஊரைப் பிடிக்காமல் இருக்கலாம், உங்களைப் பிடிக்காமலும் இருக்கலாம். அப்படியும் மனிதர் உண்டு. ஆனால் நீங்கள் அனுப்பியிருக்கிற சங்கதிகளை வைத்து அந்த முடிவுக்கு வரமுடியாது. ஒவ்வொன்றுக்கும் வேறு விளக்கம் கையெட்டுத் தூரத்தில் கிடக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? முதலில் என்ன செய்யக்கூடாதென்று சொல்கிறேன். எல்லாரையும் இருத்தி "உனக்கு என்ன பிரச்சினை, மனம் விட்டுச் சொல்லு" என்று விசாரணை வைக்காதீர்கள். பெரியக்கா அந்தச் சபையில் இருக்கவே கூடாது. தம்பியைத் தூது அனுப்பவும் வேண்டாம்.

குசினிக் கதையை நிப்பாட்டாதீர்கள், அது ஒன்றே பெரிய மாற்றம். அவர் வரும்போது அதே கதையைத் தொடருங்கள். உங்கள் கதைகளில் வருகிற ஆட்களில் பாதிப் பேரை அவருக்குத் தெரியாது. "இது அம்மாவின்ரை மச்சாள், இணுவிலிலை இருக்கிறா, கலியாணத்தண்டு பச்சைச் சேலையோடை வந்தவ" என்று நடுவில் ஒரு வரி போட்டால் போதும், அவர் கதைக்குள் வந்துவிடுவார். கையில் ஒரு வேலையையும் கொடுங்கள். எதிரெதிரே இருந்து கதைப்பது புது ஆளுக்குப் பரீட்சை மாதிரி, புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டு கதைப்பது அப்படியில்லை. வேலை எத்தனை மணிக்கு முடியும், எந்த நேரம் கூட்டம் இருக்கும் என்று கேட்டுவையுங்கள். கேட்ட நாளிலிருந்து அந்தக் கதவு உங்களுக்கு வேறு மாதிரித் தெரியும். சந்தையடிச் சம்பவத்தையும் சிரித்துக்கொண்டே கேட்டுவிடலாம்: "அண்டைக்கு என்னைக் காணேல்லையோ?"

பெரியக்காவோடு போனில் கதைக்கும்போது ஒரு சின்னக் கட்டுப்பாடு வைத்துப் பாருங்கள். மச்சாள் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்லுங்கள், எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லாதீர்கள். 'கதவு பூட்டிக் கிடந்தது', 'தேத்தண்ணி போட்டுக்கொண்டு போனா'. கதை சப்பென்று போய்விடும், பெரியக்காவே வேறு விஷயத்துக்கு மாறிவிடுவா.

அம்மாவிடமும் கேளுங்கள். அந்த இரண்டு இரவையும் பற்றி உங்கள் கடிதத்தில் இருப்பது ஊகம் மட்டும்தான். கண்ணால் கண்ட சாட்சி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறா.

தம்பியின் வாடிய முகத்துக்கும் நீங்கள் ஒரு காரணம் வைத்திருக்கிறீர்கள், எழுதாவிட்டாலும் தெரிகிறது. பெண்சாதி சரியில்லை, அதனால் வாடுகிறான். இரண்டு பக்கமும் இழுபட்டு வாடியிருக்கலாம், வேலையிடத்தில் ஏதும் இருக்கலாம், அவரிடமே தனியாகக் கேளுங்கள். நித்திரை, சாப்பாடு குழம்பி வாரக்கணக்கில் அப்படியே இருக்கிறார் என்றால் உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், அங்கே போகச் சொல்லுங்கள். செலவில்லை.

தனியாகப் போவது பற்றி. புதுத் தம்பதிகள் தனிக் குசினி வைப்பதில் ஒரு பிழையுமில்லை, பல வீடுகளில் அதற்குப் பிறகுதான் உறவு சீராகிறது. ஆனால் அந்தப் பேச்சை இப்போது நீங்கள் எடுத்தால் 'வெளியே போ' என்றுதான் அவர்கள் காதில் விழும். அவர்களாக எடுக்கட்டும். எடுத்தால், "எண்ணம் பிடிச்சவள் பிரிச்சுப்போட்டாள்" என்ற கதை எங்கேயும் கிளம்பாமல் பார்த்துக்கொள்ளவேண்டியவர் மூத்தவராகிய நீங்கள்தான். வாடகைக்கு வீடு பார்க்கிறதென்றால் கம்பஸ் தொடங்குகிற நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள், அந்த நேரம் கோண்டாவில், கொக்குவில் பக்கமெல்லாம் அறை தேடுகிற பிள்ளைகள்தான்.